பழைய வாஷிங் மெஷின்: எதை வைத்துக்கொள்வது, எதைக் கைகழுவுவது?

அமெரிக்காவில் ஓஹியோ, மிச்சிகன், அயோவா பக்கம் ஐம்பது அறுபது வருஷப் பழைய வீடு வாங்குகிறவர்களுக்குப் பல நேரம் வீட்டோடு சேர்ந்து ஒரு பழைய வாஷிங் மெஷினும் வந்துவிடுகிறது. பேஸ்மென்டில் சிமென்ட் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும், ஸ்விட்சைப் போட்டால் ஓடவும் செய்யும். தூக்கிப் போடுவதா, வைத்துத் துவைப்பதா? இன்னொரு கூட்டம், புதிய மெஷின்களின் எலக்ட்ரானிக் போர்டு மேல் வந்த வெறுப்பில், வேண்டுமென்றே பழையதைத் தேடிப் போகிறது. இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். பிராண்டையும் வருஷத்தையும் அப்புறம் பாருங்கள். அந்த மெஷினில் முதலில் எது உடையும், உடைந்தால் அந்த இடத்துக்குக் கை போகுமா, அந்தப் பாகம் இன்றைக்கு விலைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். அமெரிக்க வாஷிங் மெஷினின் வடிவம் நூறு வருஷத்தில் எத்தனையோ தடவை மாறியிருக்கிறது, ஒவ்வொரு மாற்றத்திலும் இந்த மூன்று கேள்விக்கான பதிலும் மாறியிருக்கிறது. நான் கராஜில் பழைய மெஷின்களைப் பிரித்துப் பார்க்கிற ஆள், கடைக்காரன் இல்லை. அதனால் விற்பனைப் பேச்சு இதில் இருக்காது, சொந்த விருப்பு வெறுப்பு கொஞ்சம் இருக்கும்.

மிகப் பழையதிலிருந்து வருவோம், அதாவது துணியை நடுவில் விட்டுப் பிழியத் தலையில் இரண்டு ரப்பர் உருளை வைத்த ரிங்கர் மெஷின். அயோவாவின் நியூட்டன் ஊரில் கதிரடிக்கும் இயந்திரங்களுக்குப் பாகம் செய்துகொண்டிருந்த மேடேக் கம்பெனி 1907-இல் கையால் சுற்றும் மரத்தொட்டி மெஷினோடு இந்தத் தொழிலுக்குள் வந்தது. பிறகு 1922-இல் கைரோஃபோம் என்ற மெஷின் வந்தது, பெரிய திருப்பம் அதுதான். அதற்கு முந்தைய மெஷின்கள் பலவற்றில் மூடியிலிருந்து தொங்கும் கட்டை துணியைப் பிடித்து இழுத்துப் புரட்டும். கைரோஃபோமில் துடுப்பு தொட்டியின் அடிக்குப் போய்விட்டது. துணியை இழுக்காமல் தண்ணீரைத் துணிக்குள் தள்ளியது, தொட்டியும் வார்ப்பு அலுமினியம். அடியில் துடுப்பு வைத்து நடுவில் தண்டு நிறுத்தும் இந்த ஏற்பாடுதான் அடுத்த எண்பது வருஷம் அமெரிக்க மெஷின்களின் உடம்பாக இருந்தது.

அப்போது கிராமங்களில் மின்சாரம் கிடையாது. கிராம மின்மயத் திட்டம் 1935-இல் தொடங்கும்போது பத்துப் பண்ணைகளில் ஒன்றில்தான் மின்விளக்கு எரிந்தது. அதனால் மேடேக் தன் மெஷினுக்கு அடியிலேயே சின்னப் பெட்ரோல் இன்ஜினை வைத்து விற்றது, காலால் மிதித்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். ரிங்கரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வெண்ணெய் கடையும் பாத்திரமோ கறி அரைக்கும் கருவியோ மாட்டிக்கொள்ளலாம். துணி மெஷினில் கறி அரைப்பதா என்று நம் வீடுகளில் யாராவது முகம் சுளிப்பார்கள், ஆனால் பண்ணை வீட்டில் மோட்டார் ஒன்றுதான் என்றால் அது எல்லா வேலையும் செய்துதான் ஆக வேண்டும்.

ஆட்டோமேட்டிக் மெஷின்கள் வந்து பல பத்தாண்டு கழித்தும் மேடேக் ரிங்கர் செய்வதை நிறுத்தவில்லை, 1983-இல்தான் கடைசி. மின் கம்பியை வீட்டுக்குள் விடாத ஆமிஷ் சமூகத்தார் பலர் இன்றும் இதே மெஷின்களை இன்ஜினிலோ அழுத்தக் காற்றிலோ ஓட்டுகிறார்கள். அவர்கள் புண்ணியத்தில் உருளை, பெல்ட் எல்லாம் இன்னும் கிடைக்கின்றன. உடையக்கூடிய பாகமே மிகக் குறைவு, டைமர் இல்லை, வால்வு இல்லை, மோட்டாரும் கியர் பெட்டியும் தொட்டிக்கு அடியில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். என் மூன்று கேள்விக்கும் இந்த மெஷின் முழு மார்க் வாங்கிவிடும்.

தண்ணீர் விஷயத்திலும் இது சிக்கனம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. சுடுதண்ணீரை ஒரு தடவை நிரப்பி, முதலில் வெள்ளைத் துணி, அதே தண்ணீரில் கலர், கடைசியாக அழுக்கு வேலைத்துணி என்று வரிசையாகத் துவைப்பார்கள். அலச மட்டும் பக்கத்தில் தனித் தொட்டி. நம் பாட்டிமார் வாளிக் கணக்கில் செய்த அதே முறை.

ஆனாலும் இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. உருளைக்குள் கை மாட்டுவது அந்தக் காலத்தில் அவ்வளவு சாதாரணமாக நடந்தது, ஆஸ்பத்திரிகளில் அந்தக் காயத்துக்கென்றே ஒரு பெயர் புழங்கியது, மாட்டியவர்களில் குழந்தைகள் நிறைய, உருளை சரியாக அவர்கள் கை எட்டும் உயரத்தில் சுற்றுகிறது. பின்னாளில் வந்தவற்றில் உருளையைச் சட்டென்று விடுவிக்கும் பிடி உண்டு, ஆனால் பிடியைத் தட்டும் யோசனை கை உள்ளே போன பிறகுதானே வரும். சட்டைப் பொத்தானை உள்பக்கம் மடித்துவிட வேண்டும், சேலை மாதிரி நீளத் துணி உருளையிலேயே சுற்றிக்கொள்ளாமல் மறுபக்கம் ஒருவர் நின்று வாங்க வேண்டும். அரை நாள் ஓய்வும், குழந்தை இல்லாத வீடும், ஆர்வமும் மூன்றும் சேர்ந்து இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வேண்டுகிறவரைத் தேடிக் கொடுத்துவிடுங்கள், தேடி வாங்க ஆள் இருக்கிறது.

அடுத்தது பென்டிக்ஸ். 1937-இல் வந்த இந்த முன்பக்கக் கண்ணாடிக் கதவு மெஷின்தான் வீட்டுக்கென்று விற்பனைக்கு வந்த முதல் ஆட்டோமேட்டிக். துவைத்து, அலசி, சுழற்றிப் பிழிந்து, தானே நிற்கும். பார்க்க இன்றைய ஃப்ரன்ட் லோடு போலவே இருக்கும், ஆனால் ஒரு பெரிய விஷயம் குறைகிறது, டிரம்மைத் தாங்கும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் கிடையாது. சுழலும்போது வருகிற ஆட்டத்தை எல்லாம் தரை வாங்கிக்கொள்ளட்டும் என்று மெஷினை சிமென்ட் தரையில் போல்ட் போட்டு முடுக்கினார்கள். ஜெர்மனியில் 1951-இல் வந்த கான்ஸ்ட்ரக்டாவையும் இப்படித்தான் தரையோடு கட்டிப்போட வேண்டியிருந்தது. மரத்தளத்து வீட்டில், மாடியில், வாடகை வீட்டில் இது நடக்காது. கதவு ரப்பருக்கும் இன்று எங்கே போவது? இது மியூசியத்துக்கு.

போர்க்காலத்தில் 1942 முதல் வாஷிங் மெஷின் உற்பத்தியே நின்றுபோய், ஆலைகள் ராணுவத்துக்கு வேலை செய்தன. போர் முடிந்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் மேல்வாய் ஆட்டோமேட்டிக்கோடு வந்து இறங்கினார்கள். இடைப்பட்ட 1946-இல் டைட் என்ற டிடர்ஜென்ட் தூள் வேறு வந்துவிட்டது, அது சோப்பு இல்லை, கடினத் தண்ணீரிலும் திரியாது. அதுவரை கடினத் தண்ணீரில் சோப்பு திரிந்து துணியிலும் தொட்டியிலும் பிசுபிசுவென்று ஒட்டும், கையால் அலசுகிறவருக்கு அது தெரியும், தானே ஓடும் மெஷினுக்குத் தெரியாது. டைட் மாதிரித் தூள் இல்லாமல் இந்த ஆட்டோமேட்டிக்குகள் இவ்வளவு வேகமாகப் பரவியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அந்தக் கூட்டத்தில் அழகி என்றால் ஃப்ரிஜிடேர். கார் செய்த ஜெனரல் மோட்டார்ஸின் கம்பெனி அது, மெஷினிலும் கார்க்காரன் புத்தி தெரியும். மற்றவர்களின் துடுப்பு இடம் வலமாகத் திரும்பும், இவர்களுடையது மேலும் கீழுமாகக் குதிக்கும். சுழற்சி வேகம் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேல், மற்ற கம்பெனிகள் அறுநூறை ஒட்டி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில். துணி கிட்டத்தட்டக் காய்ந்தே வெளியே வரும். 1960களின் நடுவில் பல்சக்கரங்களையே எடுத்துவிட்டு உருளைகளை வைத்து ஒரு வடிவம் செய்தார்கள், 1979-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஃப்ரிஜிடேரை விற்றதும் அந்தப் பரம்பரை முடிந்தது. பாகம் கிடைப்பதில்லை, பிரிக்கத் தனிக் கருவி வேண்டும், தெரிந்த மெக்கானிக்குகள் வயதாகிவிட்டார்கள். ஓடுகிறவரை ஓட்டுங்கள், தினசரித் துணிக்கு இதை நம்பாதீர்கள்.

இனிமேல்தான் உண்மையான போட்டி. பேஸ்மென்டுகளில் அதிகம் கண்ணில் படுவது மூன்று வடிவங்கள்தான்: வேர்ல்பூலின் பெல்ட் மெஷின், மேடேக்கின் ஹெலிகல் மெஷின், வேர்ல்பூலின் டைரக்ட் டிரைவ். கென்மோர் என்று பெயர் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம், சியர்ஸ் கடைக்காகப் பெரும்பாலும் வேர்ல்பூல்தான் செய்து கொடுத்தது. சியர்ஸ் 1947-இல் விற்கத் தொடங்கிய மெஷினைத்தான் அடுத்த வருஷம் வேர்ல்பூல் தன் பெயரிலும் விற்றது.

அந்த பெல்ட் மெஷினில் மோட்டார் எப்போதும் ஒரே திசையில் சுற்றும். துவைப்பதா, சுழற்றுவதா என்று முடிவு செய்வது கியர் பெட்டி மேல் இருக்கும் ஒரு காந்தக் கருவி. அதற்கு விக்வாக் என்று பெயர், மெஷின் ஓடும்போது ஓயாமல் இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருக்கும், அதில் இருக்கும் இரண்டு காந்தங்களில் எதற்கு மின்சாரம் போகிறதோ அதற்கேற்ப துடுப்போ சுழற்சியோ பிடித்துக்கொள்ளும். கேட்க ஏதோ விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தாலும் முப்பது வருஷத்துக்கு மேல் இதே வடிவத்தை ஓட்டினார்கள். எங்கே உடையும்? அந்த ஆடுகிற கருவிக்குப் போகிற வயரில். வருஷக் கணக்கில் மடங்கி மடங்கி ஒருநாள் உள்ளே அறுந்துவிடும், மெஷின் துவைக்கும், சுழலாது. அல்லது திருப்பிப் போட்டது போல. பின் தகட்டைக் கழற்றினால் கை போகும், வயரை மாற்ற ஒரு மாலை போதும். ஆனால் பம்ப், பெல்ட் என்று இறங்கினால் மெஷினைச் சாய்த்து, குனிந்து, கியர் எண்ணெய் மணத்தோடு மல்லுக்கட்ட வேண்டும், தனிப்பட்ட பாகங்கள் பழைய சரக்கில்தான் கிடைக்கின்றன. நல்ல மெஷின்தான், இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் நடுவில் வைப்பேன்.

மேடேக் ஹெலிகல் மேல்தான் எனக்குக் காதல் என்பதை மறைக்கவில்லை. 1967-இல் வேலையே இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் மேடேக் மெக்கானிக் என்று ஒரு விளம்பரம் தொடங்கினார்கள், ஜெஸ்ஸி ஒயிட் என்ற நடிகர் அந்த வேஷத்தில் பல வருஷம் வந்தார். விளம்பரம் என்பதால் பாதியைத் தள்ளினாலும் மீதிப் பாதி உண்மை. இந்த மெஷினில் காந்தமும் கிடையாது, ஆடும் கருவியும் கிடையாது. மோட்டார் ஒரு திசையில் சுற்றினால் துடுப்பு ஓடும். எதிர்த் திசையில் சுற்றினால் அடியில் இருக்கிற புல்லி திருகு மரையில் ஏறி பிரேக்கை விடுவித்து, தொட்டி மொத்தமும் சுழலும். மோட்டாரின் திசை ஒன்றுதான் கட்டளை, மீதி எல்லாம் அந்தத் திருகின் வேலை. இவ்வளவு குறைந்த சாமான்களை வைத்து இரண்டு வேலையைப் பிரித்தவன் கெட்டிக்காரன்.

மோட்டார் கூட இறுக்கி முடுக்கியது இல்லை, ஸ்பிரிங் இழுத்துப் பிடிக்கும் ஒரு சறுக்குத் தட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். நனைந்த துணியோடு கனமான தொட்டி சுழலத் தொடங்கும்போது மோட்டார் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும், பெல்ட் வழுக்கும், வேகம் வந்ததும் பிடித்துக்கொள்ளும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் வண்டி பெல்ட்டை அளவு பார்த்து மாட்டிவிடுவார்கள், அது வழுக்காது, கப்பென்று பிடிக்கும், மோட்டார் சூடாகி நின்று நின்று ஓடும். இதற்கென்றே செய்த பெல்ட் ஜோடியைத்தான் வாங்க வேண்டும், கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை.

சரி, எங்கே உடையும்? தொட்டியின் நடுவில் இருக்கும் சீல். அது கசிந்தால் சோப்புத் தண்ணீர் கீழே இறங்கி பேரிங்கைத் தின்றுவிடும். சுழலும்போது ஜெட் விமானம் கிளம்புகிற சத்தம் வந்தால் அதுதான் நோய். உள்தொட்டியை வெளியே எடுக்கப் பெரிய ஸ்பேனர் ஒன்று தனியாக வேண்டும், இறுகிப்போன நட்டைச் சுத்தியலால் அடித்துத் தளர்த்த வேண்டும், பொறுமை இல்லாதவர்கள் அங்கேயே மெஷினைக் கைவிடுவார்கள். இன்னொன்று, கம்பெனியே போய்விட்டது. 2006-இல் வேர்ல்பூல் மேடேக்கை வாங்கியது, அடுத்த வருஷம் நியூட்டன் ஆலையை மூடியது. இப்போது கடையில் மேடேக் என்று இருக்கும் பெயருக்கும் இந்த மெஷினுக்கும் பெயர் மட்டும்தான் ஒற்றுமை. டைமர் போனால் பழைய சரக்கைத் தேடி அலைய வேண்டும். எனவே சத்தமில்லாமல் சுழலும் ஹெலிகல் உங்கள் பேஸ்மென்டில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் போடுகிற ஒன்றை விலை கொடுத்து வாங்குவது, அந்த நட்டோடு சண்டை போடுவது உங்களுக்குப் பொழுதுபோக்காக இருந்தால் மட்டும்.

மூன்றாவது, 1980களில் வந்த டைரக்ட் டிரைவ். சேகரிப்பவர்கள் இதை மூக்கைச் சுளித்துப் பார்ப்பார்கள், பழமை இல்லை, குரோம் இல்லை, வெள்ளைப் பெட்டி, ஒரு சலவைக்கடைச் சாயல். நானோ இதைத்தான் முதலிடத்தில் வைக்கிறேன். வடிவத்தை மாற்றியவர்கள் ரிப்பேர் செய்கிறவனை நினைத்து மாற்றியது இந்த ஒரு முறைதான் என்று தோன்றும். பெல்ட்டை அடியோடு எடுத்துவிட்டார்கள். மோட்டார் நேராக கியர் பெட்டியில், பம்ப் நேராக மோட்டாரில். நடுவில் மூன்று காதுள்ள இரண்டு பிளாஸ்டிக் துண்டும் ஒரு ரப்பர் துண்டும் சேர்ந்த கப்ளிங். அளவுக்கு மீறித் துணி போட்டால் அந்த பிளாஸ்டிக் உடைந்து கியர் பெட்டியைக் காப்பாற்றும், வீட்டில் ஃப்யூஸ் போவது மாதிரி. மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும், மெஷின் ஒன்றும் செய்யாது. பதறிப்போய் மெஷினை வெளியே தள்ளுகிறவர்கள் நிறைய, அவர்களால்தான் பாதி மெஷின்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

அதைச் சரி செய்ய மெஷினைச் சாய்க்கக்கூட வேண்டாம். மேல் பலகையின் திருகுகளைக் கழற்றி, இரண்டு கிளிப்பைத் தட்டினால் வெளிப்பெட்டி மொத்தமும் ஒரே துண்டாக முன்பக்கம் வந்துவிடும், உள்ளிருப்பது எல்லாம் எதிரே திறந்து நிற்கும். பம்புக்கு இரண்டு கிளிப், மோட்டாருக்கு இரண்டு கிளிப். தெருவுக்குத் தெரு இருக்கிறது, பாகம் எல்லா இடத்திலும் கிடைக்கிறது, அது போதும். துடுப்பின் மேல்பாதி துணி கிடக்கும்போது திரும்பாமல் நின்றால் உள்ளே நகத்தளவு பிளாஸ்டிக் பற்கள் நாலு தேய்ந்திருக்கும், அதுவும் சில்லறைச் செலவுதான்.

குறை சொல்ல வேண்டுமென்றால், துணியிடம் இரக்கமில்லாத மெஷின். துடுப்பு வெடுக் வெடுக்கென்று அடிக்கும், சத்தமும் கூடுதல். மேடேக்கில் தொட்டி சுழலும்போதே தண்ணீர் வெளியே போகும், இதில் முதலில் தண்ணீரை நின்ற நிலையில் வடித்துவிட்டு அப்புறம் சுழலும், அதனால் மிதக்கும் அழுக்கும் நுரையும் துணி மேலேயே படிகிறது என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. அலசலை இன்னொரு தடவை ஓட்டினால் போயிற்று.

ஜெனரல் எலக்ட்ரிக் (ஜி.ஈ.) கம்பெனியின் ஃபில்டர் ஃப்ளோ மெஷினைச் சொல்லாமல் விட்டால் கோபிப்பார்கள். துடுப்பின் தலையில் சல்லடைத் தட்டு, குழாயிலிருந்து தண்ணீர் அருவி மாதிரி அதில் கொட்டிக்கொண்டே இருக்கும், பஞ்சும் நூலும் தட்டில் தங்கும். 1990களின் நடுவரை வந்த வடிவம். பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஓடினால் வைத்துக்கொள்ளுங்கள், தேடிப் போக வேண்டாம்.

நம் துணிகளுக்கு ஒரு குறிப்பு. நடுவில் தண்டு நிற்கும் எந்த மெஷினிலும் சேலையையும் வேட்டியையும் தண்டைச் சுற்றிப் போடாதீர்கள். இயல்பாகவே சுற்றித்தான் போடத் தோன்றும், அப்படிப் போட்டால் கயிறாக முறுக்கிக்கொள்ளும், நூல் பிரியும். தளர்வாக மடித்து ஓரமாக இறக்க வேண்டும், தண்ணீர் நிரம்பிய பிறகு போட்டால் இன்னும் நல்லது. பட்டு பக்கத்திலேயே வரக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர் மெஷின்களில் இந்தத் தண்டு பெரும்பாலும் இல்லாததற்கு வேறு வம்சம் காரணம். இங்கிலாந்தில் 1948-இல் ஹூவர் கம்பெனி தொட்டியின் பக்கச் சுவரில் தட்டையான சுழல்தட்டு வைத்துச் சின்ன மெஷின் செய்தது, ஜப்பானின் சான்யோ 1953-இல் அந்தப் பாணியில் ஒன்று கொண்டுவந்தது, பிறகு தட்டு தொட்டியின் அடிக்குப் போய், பிழிவதற்குத் தனித் தொட்டி சேர்ந்து, இரட்டைத் தொட்டி மெஷினாக ஆசியா முழுதும் பரவியது. இன்றும் தமிழ்நாட்டுக் கடைகளில் செமி ஆட்டோமேட்டிக் என்று விற்பது அந்த வழிதான்.

இதைச் சொல்லும்போது இன்னொன்று. பழைய மேடேக்கை ஊருக்கு அனுப்பி வைக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். வோல்டேஜை டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 120-க்குக் கொண்டுவந்துவிடலாம், ஆனால் அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், இந்தியாவிலும் இலங்கையிலும் 50. மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், கூடவே சூடாகும். டைமருக்குள் இருப்பதும் அதே மாதிரிக் குட்டி மோட்டார்தான், பத்து நிமிடத் துவையல் பன்னிரண்டு நிமிடம் ஆகும்.

தண்ணீர்க் கணக்கையும் மறைக்கக் கூடாது. பழைய மேல்வாய் மெஷின் ஒரு தடவைக்கு 40 காலன் வரை குடிக்கும், கிட்டத்தட்ட 150 லிட்டர். இன்றைய முன்வாய் மெஷினுக்கு 15 காலன் இருந்தால் போதும். வருஷத்துக்கு 300 தடவை துவைக்கிற குடும்பத்துக்கு இது 7,500 காலன் வித்தியாசம், 28,000 லிட்டருக்கு மேல். ஏரிக்கரை ஊரில் தண்ணீர் மலிவு, பெரிதாகத் தெரியாது. செப்டிக் டேங்க் வைத்த வீட்டில், கலிபோர்னியாவில், அரிசோனாவில் இது நேரடியாக வலிக்கும். சுடுதண்ணீரில் துவைக்கிறவர்களுக்கு எரிவாயு பில்லும் சேர்ந்து ஏறும், ஏனென்றால் மோட்டார் எடுக்கும் மின்சாரத்தை விடத் தண்ணீரைச் சூடாக்கத்தான் அதிகம் செலவு. சிலர் சோப்புத் தண்ணீரைப் பக்கத்துத் தொட்டியில் சேமித்து அடுத்த தடவைக்கு இழுத்துக்கொள்ளும் வசதியுள்ள பழைய மாடல்களைத் தேடுகிறார்கள், பேஸ்மென்டில் சிமென்ட் தொட்டி இன்னும் இருந்தால் அது நல்ல யோசனை.

வறண்ட ஊர், தினம் துணி, ரிப்பேரில் ஆர்வமில்லை என்றால் புதிய முன்வாய் மெஷினே சரி, இதில் வீம்பு பிடிக்க ஒன்றுமில்லை. புதிதாகவும் வேண்டும், பழைய மாதிரியாகவும் வேண்டும் என்கிறவர்களுக்கு விஸ்கான்சினின் ரிப்பன் ஊரில் செய்யும் ஸ்பீட் குயின் இருக்கிறது. ஸ்டீல் தொட்டியும் துடுப்பும் வைத்த மேல்வாய் மெஷினை இன்னும் விடாமல் செய்கிறார்கள். 2018-இல் துடுப்பையும் தொட்டியையும் சேர்த்துத் திருப்பும் வேறு வடிவத்துக்குப் போனபோது வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள், சீக்கிரமே பழைய பாணியையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். விலை கூடுதல். அந்த விலையில் ஓடுகிற டைரக்ட் டிரைவ் ஒன்றும், உதிரிக்காக இன்னொன்றும், மாற்றுப் பாகங்களும் வாங்கி மீதியும் வைக்கலாம் என்பதால்தான் நான் வாங்கவில்லை.

பார்க்கப் போகும்போது டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். அடியில் எட்டிப் பாருங்கள், கருப்பாக எண்ணெய் சொட்டியிருந்தால் கியர் பெட்டி, துரு நீர் வழிந்த கோடு இருந்தால் சீல். துணி இல்லாமல் சுழல விட்டு ஓசையைக் கேளுங்கள், பிறகு நாலு ஈரத் துண்டைப் போட்டு மறுபடி சுழல விடுங்கள், பேரிங் பொய் சொல்லாது. மூடியைத் திறந்தால் சுழற்சி நிற்கிறதா என்று பாருங்கள், 1950களின் மெஷின்கள் பலவற்றில் நிற்காது, குழந்தை உள்ள வீட்டுக்கு அப்படிப்பட்டது வேண்டவே வேண்டாம். வயரில் ரப்பர் உறை விரலில் உதிர்ந்தால் ப்ளக்கைச் செருகவே செருகாதீர்கள், மூன்று கால் ப்ளக்கோடு புது வயர் போட்டு, மின்கசிவு வந்தால் தானே அணையும் பாதுகாப்பு சாக்கெட்டில்தான் மாட்ட வேண்டும். ரிங்கர் மெஷின்களில் பெரும்பாலும் எர்த் வயரே இருக்காது, ஈர சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நின்று அதைத் தொடுவது விளையாட்டில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தண்ணீர்க் குழாய்கள் இரண்டையும் மாற்றுங்கள், மெஷின் எந்த வருஷத்தது ஆனாலும் சரி. பழைய கருப்பு ரப்பர் குழாய் நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வெடிக்கும், எஃகு வலை பின்னிய குழாய் ஜோடி எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும்.